எறும்பு வீட்டுக் கதவு

போன கிழமை நம் குழுவில் நடந்த பேச்சை வாசித்துக்கொண்டு வாய் திறவாமல் இருந்தவள் நான்தான். சின்ன வயதில் லண்டனுக்கு வந்து சேர்ந்து, இப்போது கண்ணாடி இல்லாமல் மருந்துப் போத்தலை வாசிக்க ஏலாத வயதுக்கு வந்துவிட்ட நீங்கள் எல்லாரும் அன்று திடீரென்று பிள்ளைகளாகிவிட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து எந்தக் கார்ட்டூன் பார்த்தோம் என்று மனோர் பார்க்கிலிருந்து ஒருத்தி தொடங்க, எட்மண்டன்காரர் அதன் பாட்டைப் பாடியே அனுப்ப, என் தொலைபேசி ஓயவில்லை. "நீ என்ன பார்த்தனீ?" என்று என்னையும் கேட்டீர்கள். நான் ஒரு சிரித்த முகத்தைப் போட்டுவிட்டு நழுவிவிட்டேன்.

நான் பார்த்தது உங்களில் ஒருவரும் பார்க்காதது. அதைக் கட்டைவிரலால் தட்டிச் சொல்லி முடிக்க ஏலாது. ஆறுதலாக எழுதுகிறேன். நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள், நடுவில் புகுந்து பகிடி விடாமல்.

வெஸ்ட் ஈலிங்கில், இப்போது அம்மன் தேருக்குத் தெருவை மறிக்கிறார்களே, அதற்குப் பின்னால் உள்ள தெரு ஒன்றில் ஒரு மேல்மாடி அறைதான் எங்களுடைய லண்டனாக இருந்தது. அப்பா, அம்மா, நான். அறைக்குக் குறுக்கே அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கட்டியிருந்தோம். சேலைக்கு அந்தப் பக்கம் கட்டில், இந்தப் பக்கம் மற்ற எல்லாம். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். அம்மாவுக்குச் சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். நான் கழுத்தில் கயிற்றில் கதவுத் திறப்பைக் கொழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்தால் வரும்போது அம்மா போயிருப்பார், அப்பா சேலைக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பார். எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: அப்பா நித்திரை. கதிரையை இழுக்கக்கூடாது, தும்மினாலும் தலையணைக்குள் தும்ம வேண்டும்.

அது நாங்கள் வந்த முதல் குளிர்காலம். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகவே தண்ணீர் வழியும். நாலு மணிக்கே இருட்டிவிடும். ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்த நான், விமானத்தில் ஏறிய நாளிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தேன். என்னை யாரும் அடிக்கவுமில்லை, வெருட்டவுமில்லை. ஏனென்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் பேச்சு அறவே நின்றுபோனது. வீட்டில் தேவைக்கு ஒரு சொல், அதுவும் குசுகுசுவென்று. அம்மா என்னைச் சாப்பாட்டுக் கோப்பையின் முன்னால் இருத்திவிட்டு அழுதார்.

"ஒன்பது வயதுப் பிள்ளை, ஒரு சொல் கதைக்குதில்லை. எனக்குப் பயமாக் கிடக்கப்பா."

"இங்கிலிஷ் வரட்டும். இங்கிலிஷ் வந்தால் எல்லாம் வரும்," என்றார் அப்பா. அவர் ஊரில் அரசாங்கக் கந்தோரில் இங்கிலிஷில் கடிதம் எழுதிய மனிதர். இங்கே பெற்றோல் அடிக்க வருகிறவர்கள் பேசுவது அவருக்குப் பாதிதான் விளங்கியது. அந்த மரியாதைக் குறைச்சலை அவர் யாருக்கும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் விடிய அப்பா வேலை முடிந்து சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரு சின்ன ரீவி, ஒரு வீடியோ டெக், செங்கல் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரே ஒரு கசற். வெஸ்ட் அக்டன் பக்கம் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது நடைபாதையில் வைத்துவிட்டுப் போனவை. வேண்டியவர் எடுக்கலாம் என்பது இந்த ஊர் வழக்கம் அல்லவா. அந்தப் பக்கத்தில் ஜப்பான் கம்பனிகளின் ஆட்கள் குடும்பத்தோடு வந்து இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள் என்பதெல்லாம் பிறகு அறிந்தது. அன்றைக்கு அது லண்டன் தந்த ரீவி, அவ்வளவுதான்.

கறுப்புப் பெட்டி, மின்சாரத்தை அந்த ரீவிக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுப்பது. அப்பாவோடு வேலை செய்த அண்ணை ஒருவர் வந்து எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டித் தந்தார். அது மெல்ல இரைந்துகொண்டு சூடாகும். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் கை காய்ச்சியது அதில்தான். அன்ரனாவைச் செருகினால் ரீவியில் மழைதான் பெய்தது. இந்த நாட்டு ஒளிபரப்பு அதற்குப் பிடிபடாதாம். ஆகவே, நண்பர்களே, நீங்கள் எல்லாரும் பார்த்த எதையும் நான் பார்க்கவில்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு கசற்.

அதைப் போட்ட முதல் நாள் அப்பா சேலையை விலக்கிக்கொண்டு வந்து நின்று பார்த்தார். ஒரு நரி கொக்கை விருந்துக்கு அழைத்துத் தட்டையான தட்டில் கஞ்சி வார்த்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது.

"ஆ, நரியும் கொக்கும். புத்தி சொல்லுற கதையள். நாங்களும் படிச்சனாங்கள்." பிறகு தலையைச் சரித்துக் கேட்டார். நரி ஏதோ சொல்லிச் சிரித்தது. "கேட்டியே? உதுதான் சுத்தமான இங்கிலிஷ். நாங்கள் படிச்சது புத்தக இங்கிலிஷ். இஞ்சத்தை ஆக்கள் கதைக்கிறது உப்பிடித்தான், டக்கெண்டு ஒண்டும் விளங்காது. நீ கேட்டுக் கேட்டுப் பழகு."

திரையில் கதையின் பெயர் வந்தபோது அதில் ஏ, பி, சி எதையும் காணவில்லை. பெட்டி பெட்டியாகவும் சுழி சுழியாகவும் ஏதோ இருந்தது. நான் விரலால் காட்டினேன்.

"ரீவி ஆர் செய்தது? ஜப்பான்காரன். டெக் ஆர் செய்தது? ஜப்பான்காரன். பேந்தென்ன, அவன் தன்ரை எழுத்தைப் போடாமல் விடுவானே?" என்றார் அப்பா.

அப்பா சொன்னால் சொன்னதுதான். நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் பேசுவதும் எனக்கு விளங்கவில்லை, நரி பேசுவதும் விளங்கவில்லை. விளங்காத இரண்டும் ஒன்று என்று ஒரு பிள்ளை நம்பினால் அதில் என்ன அதிசயம்? உண்மையில் ரீச்சரை விட நரி நல்லது. நரி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது, எத்தனை தரம் திருப்பிப் போட்டாலும் கோபிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் கறுப்புப் பெட்டியைப் போடுவேன். சத்தத்தை ஆகக் குறைத்து, ரீவியில் சத்தம் வரும் ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு பார்ப்பேன். அந்தப் படங்களின் நிறத்தை இப்போது எங்கும் காண முடிவதில்லை. பழைய கலண்டர்த் தாளில் இருக்கிற மாதிரி ஒரு மங்கல். காட்டுக்குள் மிருகங்கள் அசையாமல் நிற்க, பின்னால் மேகம் மட்டும் நகரும். நரி அரைக்கோட்டுப் போட்டிருந்தது. கொக்கு வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தது. யாராவது அழுதால் கண்ணீர்த்துளி முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. வலையில் மாட்டிய சிங்கத்துக்குச் சுண்டெலி "தைஜோபு, தைஜோபு" என்று சொல்லிச் சொல்லிக் கயிற்றைக் கடித்தது. பயப்படாதே, ஒன்றுமில்லை என்பதாகத்தான் இருக்கும் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பிடித்தது கடைசிக் கதை. வெட்டுக்கிளி கோடை முழுவதும் வாத்தியம் வாசித்துக்கொண்டு திரிகிறது, எறும்புகள் தானியம் சுமக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த கதைதான். பிறகு பனி கொட்டுகிறது. வெட்டுக்கிளியின் வாத்தியத்தில் பனி, மீசையில் பனி. அது எறும்பு வீட்டு வாசலுக்கு வந்து கதவில் தட்டி, "கோமென் குதாசாய்" என்கிறது. உள்ளே அடுப்பு எரிகிறது. எறும்புகள் ஒன்றையொன்று பார்க்கின்றன. வயதான எறும்பு எழுந்து வந்து கதவைத் திறந்து, "தோஸோ" என்கிறது. வெட்டுக்கிளி குனிந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறது. அதற்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுக்கிறார்கள். அது அழுதுகொண்டே குடிக்கிறது. கசற் முடிகிறது.

இந்தக் கதையை அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன், குசுகுசுவென்றுதான். அவர் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லைப் பிள்ளை. கோடையில பாடித் திரிஞ்சவருக்கு மாரியில சாப்பாடு இல்லை எண்டு சொல்லி எறும்பு கதவை அடிச்சுச் சாத்திப்போடும். அதுதான் கதை. அதிலதான் புத்தி இருக்கு."

நான் ரீவியைக் காட்டித் தலையை ஆட்டினேன். என் ரீவியில் எறும்பு கதவைத் திறந்தது. அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு மற்றச் சப்பாத்தைக் கட்டினார்.

அந்த இரண்டு சொற்களையும் நான் எவ்வளவு பழகினேன் என்று கேளுங்கள். வெட்டுக்கிளியாக நின்று மேசைக்காலில் தட்டி ஒன்றைச் சொல்வேன். எறும்பாக அந்தப் பக்கம் போய் மற்றதைச் சொல்வேன். எல்லாம் மூச்சுக் காற்றால்தான். அப்பா நித்திரை. இங்கிலிஷில் உள்ளே வரலாமா என்று கேட்கவும் வா என்று சொல்லவும் எனக்குத் தெரிந்துவிட்டது. இனி எங்காவது போய்க் கேட்க வேண்டியதுதான் மிச்சம்.

கேட்க ஓர் இடம் இருந்தது. மழையோ பனியோ என்றால் விளையாட்டு நேரத்தில் வெளியே விட மாட்டார்கள். வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மேசைகளைச் சேர்த்து மேலே ஒரு பச்சைத் துணியைப் போட்டு வீடு கட்டுவார்கள். உள்ளே போய்ப் பிளாஸ்ரிக் கோப்பையில் தேத்தண்ணி குடிப்பார்கள். துணிக்குக் கீழால் அவர்களுடைய வெள்ளைக் காலுறைகள் தெரியும். நான் சூடாக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அந்தக் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் போக எனக்கிருந்த ஆசையை என்ன சொல்லி எழுதுவது? அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள்ளும் போக நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

பனி கொட்டிய ஒருநாள் எழுந்து போனேன். மேசைக்காலில் தட்டினேன். வந்து சேர்ந்ததிலிருந்து அந்த வகுப்பில் நான் பேசிய முதல் சொல்லைச் சொன்னேன்.

"கோமென் குதாசாய்."

துணி விலகி ஒரு தலை வந்தது. பிறகு இன்னொன்று. என்ன என்று கேட்டார்கள் போலிருக்கிறது. நான் திரும்பவும் சொன்னேன். ஒருத்தி நான் சொன்ன மாதிரியே குசுகுசுத்துக் காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துணி மூடிக்கொண்டது. அப்பாவின் கதைதான் சரி, எறும்புகள் சாத்தத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். காது இரண்டும் கொதித்தன.

அப்போது புத்தக மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தோஸோ."

அந்தப் பிள்ளையை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. எனக்குப் பிறகு வந்து சேர்ந்தவள். என்னைப் போலவே பேசாதவள். நெற்றியில் நேர்கோடாக வெட்டிய மயிர், எப்போதும் மடித்த ஒரு கைக்குட்டை. புத்தக அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சின்ன இடுக்கில் குந்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த கண்களில் நம்ப முடியாத ஆச்சரியம். அவள் நகர்ந்து இடம் விட்டாள். வெட்டுக்கிளி மாதிரி நான் குனிந்து கும்பிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அவளும் அதே மாதிரிக் கதைகளைப் பார்த்து வளர்ந்தவள். நரி, கொக்கு, சிங்கம், சுண்டெலி எல்லாம் அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த இடுக்கில் கதைகளை நடித்தோம். நான் சொற்களை விட்டால் அவள் எடுத்துத் தருவாள். அதற்கு வெளியே அவள் எதையாவது வேகமாகக் கேட்டால் எனக்கு ஒன்றும் விளங்காது, சும்மா சிரிப்பேன். அவளும் விட்டுவிடுவாள். என் அப்பா இரவு வேலை செய்கிறார் என்றோ அம்மா அழுகிறார் என்றோ அவளுக்குச் சொல்ல எங்களிடம் சொல் இருக்கவில்லை, ஏனென்றால் அதை எந்த மிருகமும் சொல்லவில்லை. ஒருநாள் நான் விழுந்து முழங்கால் கிழிந்தபோது அவள் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டு "தைஜோபு, தைஜோபு" என்றாள். இவ்வளவு நல்ல இங்கிலிஷ் பேசுகிற பிள்ளையோடு மற்றவர்கள் ஏன் பேசுவதில்லை என்று எனக்குப் பெரிய யோசனை.

ரீச்சர் நல்ல மனுசி. நான் வாய் திறந்ததைக் கண்டு முதலில் கை தட்டினார். பிறகு அவருக்கு வேறொரு யோசனை வந்தது. கறுத்த மயிருள்ள இரண்டு பிள்ளைகள் மூலையில் குந்திக்கொண்டு நாள் முழுக்கத் தங்கள் பாஷையில் பேசுகிறார்கள், இப்படியே போனால் எப்போது இங்கிலிஷ் வரும்? நாங்கள் இருவரும் ஒரே நாடு, ஒரே பாஷை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எங்கள் இருவரையும் அருகருகே வைத்து ஒரு தரம் பார்த்திருந்தாலே போதும். பார்க்கவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். இரவு ஷிப்ட் முடிந்து, பெற்றோல் மணக்கும் ஜக்கெற்றோடு அப்படியே பள்ளிக்கூடம் போனார். நான் வெளியே வாங்கில் இருந்தேன். உள்ளே ரீச்சரின் குரல்தான் கேட்டது. அப்பாவின் குரல் "யெஸ் மிஸ்" என்று மட்டும் இரண்டு மூன்று தரம் கேட்டது. வெளியே வந்தவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தார். அம்மா கேட்டபோது, "இங்கிலிஷ் மட்டும் கதைக்கட்டாம்" என்றார். பிறகு சேலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளையைப் பக்கத்து வகுப்புக்கு மாற்றினார்கள். விளையாட்டு நேரத்திலும் எங்களுக்கு வேறு வேறு பக்கம். எனக்குப் பின்னேரங்களில் ஒரு சின்ன அறையில் தனியாக இங்கிலிஷ் பாடம். சொல்லித்தந்த அம்மையார் மேசையில் ஆப்பிள் படத்தை வைப்பார், நான் ஆப்பிள் என்பேன். அது எனக்கு ஏற்கெனவே தெரியும். நான் இங்கிலிஷ் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பிடித்து இழுத்து வந்து ஏன் எனக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறார்கள் என்றுதான் விளங்கவில்லை. அந்த வருடம் எனக்கு வந்த தனிமை முதலில் இருந்ததைவிடக் கெட்டது. முதலில் யாரும் இல்லை. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாள்.

பனி முடிந்து மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய ஒருநாள், அந்தச் சின்ன அறைக் கதவில் யாரோ தட்டினார்கள். கதவின் மேல்பாதி மங்கல் கண்ணாடி. அதில் வெளிர்நீலமாக ஒரு சின்ன உருவம், பக்கத்தில் உயரமாக இன்னொன்று.

"கோமென் குதாசாய்."

அம்மையார் எழுந்து போய்க் கதவைக் கொஞ்சம் திறந்தார். வெளிர்நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் நின்றாள், கையில் கைக்குட்டையில் கட்டிய ஒரு சின்னப் பொதி. அவளுடைய தாய் குனிந்து கும்பிட்டு ஏதோ சொன்னார். பாடம் நடக்கிறது, பிறகு வாருங்கள் என்று அம்மையார் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். கதவு சாத்தப்பட்டது.

கண்ணாடியில் நீலம் கொஞ்ச நேரம் நின்றது. எனக்குப் பதில் தெரியும். "தோஸோ" என்றேன். நான் பழகியபடியே சொன்னேன், மூச்சுக் காற்றால், சேலைக்கு அந்தப் பக்கம் யாரோ நித்திரை கொள்வதுபோல. சத்தமாகச் சொல்ல எனக்கு அது வரவில்லை. ஒருநாளும் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. நீலம் கண்ணாடியை விட்டுப் போனது. பொதியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் ரீச்சர் பூமி உருண்டையைச் சுழற்றி, பக்கத்து வகுப்புப் பிள்ளை இங்கே போய்விட்டாள் என்று விரலை வைத்துக் காட்டினார். ஜப்பான். தான் நினைத்தது பிழை என்று அன்றுதான் தெரிந்ததோ என்னவோ, அவர் முகமும் ஒரு மாதிரி இருந்தது. ரீவியில் பெட்டி பெட்டியாக வந்த எழுத்துகள் என் கண்ணில் ஓடின. வீட்டுக்குப் போய்ச் சட்டத்தை மீறிச் சேலையை விலக்கினேன்.

"அப்பா, அது இங்கிலிஷ் இல்லை. ஜப்பான்."

அப்பா எழும்பி இருந்தார். "அப்பிடியே?" என்றார்.

கொஞ்ச நாளில் கறுப்புப் பெட்டி புகைந்து மணந்து செத்தது. ரீவி நாங்கள் எடுத்த மாதிரியே நடைபாதைக்குப் போனது. கசற், வீடு மாறியபோது எந்தப் பெட்டியில் போனதோ தெரியாது. எனக்கு இங்கிலிஷ் வந்தது. அப்பா சொன்ன மாதிரியே அதோடு எல்லாம் வந்தன, படிப்பு, கவுன்சில் வேலை, வீடு. அம்மா போய்விட்டார். பிள்ளைகள் தங்கள் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். பின்னேரம் வேலையால் வந்து நானே திறப்பைப் போட்டு நானே கதவைத் திறக்கிறேன். முழு வட்டம் வந்த மாதிரிதான், கழுத்தில் கயிறு மட்டும் இல்லை. இதை உங்களிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. தனிமை, அவ்வளவுதான்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியும். அதோடு இங்கிலிஷ் முழுக்க அவரிடமிருந்து போய்விட்டது. தமிழ் இருக்கிறது, மெல்ல மெல்ல வரும். வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாமல் முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறேன். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. நான் போகாத நாட்களில் அப்பா வாய் திறப்பதே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்குச் சோறு இறங்க விட்டதில்லை.

போன மாதம் போனபோது அப்பாவைப் பார்க்கிற கறுப்பினத்துப் பெண் என்னை வழியில் மறித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. உங்கள் பாஷையில் நாங்களும் ஒரு சொல் படித்துவிட்டோம் என்றாள். உங்கள் அப்பாதான் சொல்லித்தந்தார், அவருடைய கதவில் தட்டினால் ஒவ்வொரு முறையும் சொல்வார், இப்போது நாங்களும் ஒருவருக்கொருவர் சொல்கிறோம் என்றாள். என்ன சொல் என்று கேட்டேன்.

"தோஸோ," என்றாள் அவள். "தமிழில் உள்ளே வா என்றுதானே அர்த்தம்?"

ஓம், அதுதான் அர்த்தம் என்று சொன்னேன்.

அப்பா ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். நான் கட்டிலில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, கதவில தட்டினால் ஒரு சொல் சொல்லுறியளாம். உது எங்கை பழகினனீங்கள்?"

அவர் சொற்களைத் தேடி எடுக்க நேரம் எடுத்தது. "நீதானே... சொன்னனீ. ஒவ்வொரு பின்னேரமும். மேசைக்குக் கீழ."

"நீங்கள் நித்திரை எல்லே?"

"எங்கை நித்திரை." வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். "நீ கதைக்கிறாய். நான் என்னெண்டு நித்திரை கொள்ளுறது?"

"அப்ப அது இங்கிலிஷ் இல்லை எண்டு..."

"அடுத்த நாளே தெரியும் பிள்ளை. வேலையில அண்ணை சொன்னவர். சொன்னால் நீ நிப்பாட்டிப்போடுவாய். திரும்பியும் வாயை மூடிப்போடுவாய்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உன்ரை ரீச்சருக்குச் சொல்ல வெளிக்கிட்டனான். அது எங்கடை பாஷை இல்லை, இது பிள்ளை படத்தில படிச்சது, அந்தப் பிள்ளையோடை விடுங்கோ எண்டு. வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனனான். அங்கை போய்... அதை விளங்கப்படுத்துற அளவுக்கு என்னட்டை இங்கிலிஷ் இருக்கேல்லை."

அப்பாவின் ஒரு கண்ணால் நீர் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன். எத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டு இருந்தார் என்று நினைக்க எனக்கு நெஞ்சு பிளந்தது. "யெஸ் மிஸ்" என்ற அந்தக் குரலை இவ்வளவு காலமும் கோழைத்தனம் என்று நினைத்திருந்தேனே என்றும் இருந்தது.

"தைஜோபு, அப்பா," என்றேன்.

அவர் விளங்கிய மாதிரித் தலையை ஆட்டினார். அதுவும் அவருக்குத் தெரியும்.

தேத்தண்ணி எடுக்க எழுந்து வெளியே போனேன். கதவைச் சாத்தி அதன் முன்னால் நின்றேன். வழியில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் தட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த முழு இல்லத்துக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னேன்.

"கோமென் குதாசாய்!"

உள்ளே கதிரை அசைந்த சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல் கேட்டது.